மூன்றாம் நாள் ஊறாத நாபி

தம்பி,

போன வெள்ளிக்கிழமை உன் மாமா அச்சாபீசிலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை வாங்கிக்கொண்டு வந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்று என்னிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் நம் வீட்டில் எழுத்துப் பார்க்கிறவள் நான்தானே. உன் பெயரைத் தேடுவதற்கு முன்னால் என் கண்ணில் பட்டது வேறு. கவிதாவின் பெயருக்கு மேலே அவளைப் பெற்றவர் பெயர் இல்லை. அவள் பெரியப்பா பெயரைப் போட்டு, அவருடைய தம்பி மகள் என்று அச்சடித்திருந்தது. அந்தத் தம்பிக்கு ஒரு பெயர் உண்டு. அப்பன் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

அன்று சாயந்திரமே நீ சவுதியிலிருந்து போன் பண்ணினாய். கேட்டேன். "அவரே ஒத்துக்கிட்டாரும்மா. நான் பந்தலுக்கு வரல, எம்புள்ள நல்லா இருந்தாப் போதும்னுட்டாரு. மாமாவும் எறங்கி வந்துட்டாரு. இனி நீ எதையும் கெளப்பாத" என்றாய். நான் "ம்" என்றேன். போனில் நான் "ம்" கொட்டுவதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. பாதியில் நிறுத்தினாலும் மறுபடி உட்கார்ந்து தொடரலாம். நாலு நாளாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்து நீ கேட்டு வளர்ந்தது ஒரே கதை. உன் தாத்தாவைக் கருப்பையா வைத்தியன் மாத்திரை கொடுத்துக் கொன்றுவிட்டான், பங்காளிகள் கூடி அவனை ஒதுக்கிவைத்தார்கள், அவன் குடும்பத்தோடு உப்பூர்ப் பக்கம் போய்விட்டான். இதை உன் மாமா சொல்லிச் சொல்லி உனக்கு மனப்பாடம். நீ ராமநாதபுரத்தில் பார்த்துப் பேசிப் பழகிய பெண் அவர் மகள்தான் என்று தெரிந்தபோது நம் வீட்டில் என்ன நடந்தது என்பதும் உனக்குத் தெரியும். மூன்று மாதம் உன் மாமா உன்னோடு பேசவில்லை. கடைசியில், "பொண்ணு வரட்டும். அவன் வந்து கையப் புடிச்சுக் குடுத்தான்னா நான் தாய்மாமனா அந்தப் பந்தல்ல நிக்க மாட்டேன்" என்றார். நீ அதற்குச் சம்மதித்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்குச் சொல்லப்பட்ட கதையை வைத்துக்கொண்டு நீ எடுத்த முடிவு அது. அந்தக் கதையில் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. அந்த நாள் என்னிடம் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து வாசி என்றால் எனக்கு எழுத்து தெரியும், குரல் வராது. பிள்ளைகள் சிரிக்கும். எட்டு முடிந்ததும் மேலே படிக்கத் திருப்புல்லாணிக்கு பஸ்ஸில் போக வேண்டும், பையன்களோடு நின்று ஏற வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை. அய்யா, அதாவது உன் தாத்தா, ஒரு தடவை கேட்டார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அதோடு விட்டுவிட்டார். எதற்கும் தலையை ஆட்டினால் போதும் என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கருப்பையா அண்ணன் பக்கத்து வீடு. அய்யாவின் பங்காளி மகன், எனக்கு அண்ணன் முறை. இன்றைக்கு அவர் மகள் உனக்கு முறைப்பெண்ணாக வந்து பொருந்தியதும் அதனால்தான். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. அவருடைய அப்பா இறந்தபிறகு வைத்தியத்தைத் தான் எடுத்துச் செய்ய ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மதினி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் மருந்துச் சரக்கு இடிக்கவும் சலிக்கவும் ஆள் இல்லை. என்னைக் கேட்டார். வீட்டைவிட்டு அதிக தூரம் போகாத வேலை, யாரோடும் பேசவேண்டியதில்லை, எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். விடிகாலையில் பசு மூத்திரம் பெய்யும்வரை சட்டியோடு அதன் பின்னால் நிற்க வேண்டும். உன் மாமா அப்போது பதிமூன்று வயதுப் பொடியன். வேலியில் தொங்கிக்கொண்டு, "ஏத்தா மூத்திரக்காரி, இன்னிக்கு எத்தன படி?" என்று கத்துவான். அதற்காகவே அவன் எழுவதற்கு முன்னால் போய்விடுவேன்.

நாபிக் கிழங்கு என்று ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் கருப்பையா அண்ணன் இராமேசுவரத்தில் வாங்குவார். கங்கைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிற வடநாட்டு யாத்திரைக்காரர்களோடு உருத்திராட்சமும் மலைச் சரக்கும் விற்கிறவர்களும் வருவார்கள். அவர்களிடம் கிடைப்பது புதுச் சரக்கு என்பார். ஆட்டுக்குட்டிக் கொம்பு மாதிரி கறுப்பாக, நுனி கூர்மையாக இருக்கும். அந்தத் தடவை வாங்கி வந்த மூட்டைக்குள் ஒரு காய்ந்த தண்டும் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பூவும் வந்திருந்தன. அதைத் தண்ணீரில் போட்டதும் சுருக்கம் விட்டுக் கொஞ்சம் விரிந்தது. கருநீலம். முக்காடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்த பெண் மாதிரி இருந்தது. பனி பெய்கிற மலையில் பூப்பதாம், ஆடு மாடுகூட வாய் வைக்காதாம் என்றார். வேரில்தான் அதிக விஷம். அந்த வேரை விஷம் முறியச் சுத்தி செய்துதான் வாதத்துக்கு மாத்திரை உருட்டுவார்கள். "மூணு நாளு கோமியத்துல ஊறணும் தாயி. தெனம் காலைல பழச ஊத்திட்டுப் புதுசு மாத்தணும், வெயில்ல வைக்கணும். ரெண்டு நாளு ஊறுனா வெசம். மூணு நாளு ஊறுனாத்தான் மருந்து." இதைச் சொல்லிவிட்டு, பிறந்த பிள்ளையைப் பார்க்க மதினியின் ஊருக்குப் போனார். மூன்றாம் நாள் ஊறியபிறகு கழுவி முறத்தில் காயப்போடு, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

முதல் நாள் செய்தேன். இரண்டாம் நாள் செய்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் பழைய கோமியத்தைக் கொட்டிவிட்டு, கிழங்குகளை முறத்தில் எடுத்துவைத்துவிட்டு, சட்டியோடு தொழுவத்துக்குப் போகும்போது எனக்குத் தூரமானது தெரிந்தது.

இதை ஒரு தாய் தன் மகனுக்கு எழுதுவது வழக்கமில்லை. எழுதாமல் இருந்தால் நான் செய்தது உனக்குப் புரியாது. அந்த நாட்களில் நாங்கள் தொழுவத்துக்குள் போகக் கூடாது, மருந்தைத் தொடக் கூடாது. தொட்டால் மருந்து கெட்டுவிடும், சாப்பிடுகிறவனுக்கு ஆகாது என்று சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். நானும் முழுசாக நம்பினேன். தெரியாமல் முறத்தைத் தொட்டுவிட்டோமே என்றே எனக்கு நடுக்கமாக இருந்தது. அதற்குமேல் தொடாமல் இருப்பதுதான் மருந்துக்கு நல்லது என்று நினைத்தேன். ஆத்தாவிடம் விஷயத்தைச் சொல்லிப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். ஆனால் மூன்றாம் நாள் வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் ஆத்தா உன் மாமாவை அனுப்பும். ஏன் அக்கா போகவில்லை என்று அவன் ஊரெல்லாம் கேட்பான். அந்தக் கேலிக்குப் பயந்தேன். கிழங்கு அன்று முழுவதும் முறத்திலேயே வெயிலில் காய்ந்தது.

மறுநாள் கருப்பையா அண்ணன் வந்துவிட்டார். கிழங்கு முறத்தில் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "மூணு நாளும் ஆச்சா தாயி?" என்று கேட்டார். நான் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்பதை அவரிடம் எந்த வாயால் சொல்வேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பையன் பிறந்த சந்தோஷத்தில் இருந்தார். மிட்டாய்ப் பொட்டலத்தை வேலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழங்கை மிளகோடும் வேறு சரக்குகளோடும் அரைத்து மாத்திரை உருட்டினார். மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் இறைத்து இறைத்து அய்யாவுக்கு இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டிருந்தது. புதுச் சரக்கில் முதல் மாத்திரை அவருக்குத்தான் வந்தது. ஒன்று போதும் என்று சொல்லித்தான் அண்ணன் கொடுத்தார். வலி குறையவில்லை என்று மதியம் ஆத்தா இன்னொன்று கொடுத்தது. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். அது பொய்த் தேறுதல். முதல் மாத்திரையிலேயே அய்யா உதட்டைத் தடவிக்கொண்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி" என்றார். ஆத்தாவுக்கு அதன் பொருள் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பொழுது இறங்கும்போது வாந்தி. நாக்கு மரத்துப் பேச்சு குழறியது. மாட்டுவண்டி பூட்டி ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

நான் செய்ததில் இதுதான் பெரிய தப்பு என்று நீ நினைப்பாய். இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பங்காளிகள் நம் வீட்டு வாசல் பந்தலில் கூடினார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். கருப்பையா அண்ணன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுத்தி சரியாகச் செய்தாயா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கருப்பையா அண்ணன் கதவுப் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். "நீயே சொல்லு தாயி. மூணு நாளும் மாத்துனியா இல்லியா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தப்பு எங்கே நடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சின்னப் பிள்ளை என்று என்னைத் திட்டியிருப்பார்கள், அடித்திருப்பார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். நான் அத்தனை ஆண்கள் பார்க்க மறுபடியும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கிழங்கில் தப்பில்லை என்றானது. அப்படியென்றால் மாத்திரை உருட்டிய கை அளவு தவறிவிட்டது என்று பெரியவர் சொன்னார். கருப்பையா அண்ணன் மறுத்துப் பேசவில்லை. என் தலையாட்டலை நம்பினார். தன் கைதான் தவறியது என்று அவரே முடிவுக்கு வந்ததை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நல்லது கெட்டதில் அவருக்குச் சேர்க்கை இல்லை என்று தீர்மானித்தார்கள். உன் மாமா அந்தப் பொடி வயதில் ஓடிப்போய் அவர் மருந்து அரைக்கிற கல்வத்தைத் தூக்கி ஊருணியில் போட்டான். ஒருத்தரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். உப்பூர்ப் பக்கம் போய் இறால் பண்ணையில் காவலுக்கு இருந்தார், கரிமூட்டம் போட்டார். நீ பிறந்தபிறகு உனக்கு ஒரு சுக்குக் கஷாயம்கூட நான் கொடுத்ததில்லை. இருமினால் ஆஸ்பத்திரி, தும்மினால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்காரி என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒன்பதாவது படிக்கும்போது டிவியில் இமயமலையைக் காட்டினார்கள். மலைச்சரிவு முழுக்க நீலப் பூ. ஒவ்வொன்றும் முக்காடு போட்டுக் குனிந்து நின்றது. நான் போய் டிவியை அணைத்தேன். ஏம்மா என்று நீ கேட்டாய். கரண்ட் பில் என்றேன். நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய். அந்தப் பூ இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். இப்படி அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று நினைக்க எனக்கு நிறைய நாட்கள் இருக்கின்றன.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தாய் என்பதால் இரண்டு வார்த்தை. செய்யாத வேலைக்குத் தலையை ஆட்டாதே. கேட்கிறவன் உன்னை நம்பித்தான் அடுத்த காரியத்தைச் செய்வான். கவிதாவுக்கும் மாதத்தில் அந்த நாட்கள் வரும். அதை உன்னிடமோ நம் வீட்டிலோ அவள் மறைக்கவேண்டிய விஷயமாக வைக்காதே. இன்றைக்கு முடியாது என்று அவள் சொன்னால், ஏன் என்று கேட்காமல் அந்த வேலையை நீ எடுத்துச் செய். எனக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் என்று சொல்ல வரவில்லை. ஆத்தா இருந்தது. நான்தான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தக்கால் நாள் குறிக்கப் பங்காளிகள் உன் மாமா வீட்டில் கூடினார்கள். காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் உள்ளே திரும்பவில்லை. அவர்கள் நடுவில் நின்றேன். என்ன என்பது போல எல்லோரும் பார்த்தார்கள். இப்போது உனக்கு எழுதிய அத்தனையும் சொன்னேன், தூரமானதையும் சேர்த்து. பாதியில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் மாமா குனியவில்லை. சொல்லி முடித்ததும், "இத்தன வருசமா இத வயித்துல வச்சுக்கிட்டா எங்கூட ஒக்காந்து சோறு தின்ன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், வாயால். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இதை எழுதும்வரை என்னோடு பேசவில்லை. பெரியவர்கள் மட்டும், கருப்பையா மேல் போட்ட ஒதுக்கல் இனி இல்லை என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் உப்பூருக்கு பஸ் ஏறினேன். கருப்பையா அண்ணன் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும், "வா தாயி, இங்கன ஒக்காரு" என்று இடம் விட்டார். கல்யாண விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து, "நான் வரமாட்டேன்னு மாப்பிள்ளகிட்டச் சொல்லிட்டனே, நீ எதுக்கு வெயில்ல வந்த" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மூன்றாம் நாள் கிழங்கு எங்கே இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முறத்தில், வெயிலில் என்றேன்.

"ஒன்னயக் கேட்டுத்தான தாயி நான் ஒத்துக்கிட்டேன்" என்றார்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதினி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியல. நீ கெளம்பு" என்றது. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு இன்னொரு வேலை வைத்த மாதிரி ஆகும் என்று தோன்றியது.

தம்பி, இப்போது உனக்கு எல்லாம் தெரியும். கவிதாவிடம் நீயே சொல். நான் சொல்லி, ஊர் சொல்லி அவள் கேட்கக் கூடாது. கேட்டபிறகு இந்த வீட்டுக்கு வர அவளுக்கு மனம் இல்லை என்றால், அவளை வற்புறுத்தாதே, என்னைக் கோபித்துக்கொள். வருகிறேன் என்றால், அவள் அப்பா வந்து கையைப் பிடித்துக் கொடுக்கிற நாள்தான் உங்கள் கல்யாண நாள். அது ஆவணியில் வந்தாலும் சரி, தையில் வந்தாலும் சரி. உன் மாமா நிற்காவிட்டால் அவர் இடத்தைக் காலியாகவே விட்டுவைப்போம்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் மறுபடி உப்பூர் போனேன். கதவு சாத்தியிருந்தது. வேப்பமரத்தடியில் கீழே உட்கார்ந்தேன். மதியம் மதினி எனக்கும் சோறு போட்டது. கடைசி பஸ்ஸுக்குத்தான் எழுந்தேன். இன்றைக்கும் இதைத் தபாலில் போட்டுவிட்டு அதே காலை பஸ்ஸில் ஏறினேன் என்று நீ எடுத்துக்கொள்.

உன் அம்மா